தூளிக்குக் கீழே

என் வீட்டுக்காரருக்கு எதைக் கண்டாலும் தட்டிப் பார்த்துவிட வேண்டும். தர்பூசணி, தேங்காய் என்றால் சரி, ஊரே தட்டுகிறது. இவர் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரத் தகரத்தைத் தட்டுவார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் சுவரைத் தட்டுவார். டாக்டர் இவர் முதுகைத் தட்டுவதற்குள் இவர் டாக்டரின் மேஜையைத் தட்டிவிட்டு, "பிளைவுட்டுதான், தேக்குன்னு ஏமாத்தியிருக்கான்" என்று என் காதைக் கடிப்பார். கல்யாணத்துக்கு முன்னாலேயே என் மண்டையைத் தட்டிப் பார்த்திருந்தால் இரண்டு பேருமே தப்பித்திருப்போம் என்று நான் சொல்வதுண்டு. அவர் சிரிக்க மாட்டார். தொழில் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பே வராது.

டைல்ஸ் பதிக்கிற தொழில். புதுக் கட்டடங்களில் கல் பதிப்பார், மற்றவர்கள் பதித்ததைச் சோதித்தும் கொடுப்பார். அதற்கென்று முனையில் குண்டு வைத்த ஒரு கம்பி வைத்திருக்கிறார். குனிந்தபடி தரையை லேசாகத் தட்டிக்கொண்டே போவார். கல்லுக்கு அடியில் கலவை நிறைந்திருந்தால் 'டிக்' என்று கேட்கும். காலியாக இருந்தால் 'டொக்'. டொக் என்ற கல்லின் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்வார். அந்தக் காலி இடத்துக்கு இன்ஜினியர்கள் வைத்திருக்கும் பேர் வாய்டு.

எனக்கு அந்த வார்த்தை ஏற்கெனவே பழக்கம். நான் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, கடைசி நிமிஷத்தில் "இந்த ஷாம்பு வேண்டாம்மா" என்பவர்களுக்காகவே என் மெஷினில் வாய்டு என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தப் பொருள் பில்லில் வந்த சுவடே இருக்காது. அதனால் ஆஸ்பத்திரியில், தங்கைக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்த மறுநாள், நர்ஸ் வந்து "பேஷண்ட் வாய்டு பண்ணிட்டாங்களா?" என்று கேட்டபோது எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஐயையோ, யாரை? என்னத்தை?" என்றேன்.

"ஏம்மா கத்துறீங்க? ஒண்ணுக்குப் போயிட்டாங்களான்னு கேட்டேன்."

அன்று தங்கை தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெறுமைக்கு ஒரு வார்த்தை கிடைத்ததும் இங்கிலீஷ்காரன் அதையே எல்லா இடத்துக்கும் போட்டு வேலையை முடித்துக்கொண்டான் போல என்று நானும் சிரித்தேன். இப்போது யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

தங்கையின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை. கடலை விட்டுக் கரைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்குக் குழந்தை கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேராக எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. கையளவு இருந்துகொண்டு வீட்டையே தூங்க விடாததால் நான் கொசு என்றேன், அதுவே நிலைத்துவிட்டது.

எங்களுடையது கீழ்வீடு. மேலே ஹவுஸ் ஓனர். வாசலைத் திறந்தால் ஹால், ஹாலுக்குப் பின்னால் ஓர் உள்ளறை, அதற்கும் பின்னால் சமையலறையும் குளியலறையும், அங்கிருந்து பின்பக்கம் போக ஒரு கதவு. ஹால் நடுவே கூரையில் பெரிய இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. அதில் துணியால் தூளி கட்டினோம். கொசு வேறெங்கே போட்டாலும் வீல் என்று கத்தும். தூளியில் போட்டால்தான் அடங்கும். "இப்பவே ஊஞ்சல் கேக்குது பாரு, பெரிய மனுஷி" என்பார் என் வீட்டுக்காரர். அதன் முன்னால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூளிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே புடைத்துத் தெரிந்த குட்டிப் பாதத்தோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக வழக்கம்போல விரல் தரையைத் தட்டியது. சட்டென்று பேச்சு நின்றது.

புரண்டு எழுந்தார். கம்பியை எடுத்துவந்தார். நடுக் கல்லில் தட்டினார். பக்கத்துக் கல்லில் தட்டினார். மறுபடி நடுக் கல்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாததற்கு முகம் அப்படிச் செத்துப்போகாது. எனக்கு விஷயம் புரிந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஹால் தரை இவரே போட்டது. நாங்கள் குடிவந்த புதிதில் ஓனர் கேட்டுக்கொண்டு, இவரே கல் தேர்ந்தெடுத்து, இவரே பதித்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட தரை. ஊரார் தரைக்கெல்லாம் பெருக்கல் குறி போடுகிற மனிதரின் சொந்தத் தரை டொக் என்கிறது.

"அடடா, மேஸ்திரியார் மானம் கப்பலேறிடுச்சே!" என்றேன்.

"வாயை மூடு. வெளியில மூச்சு விடாத. இப்பவே சரி பண்ணிடறேன்."

அன்றைக்கு நாங்கள் செய்த தப்பு அதுதான். வேறு யாராக இருந்தாலும் 'தரையில என்னமோ சத்தம் வருது' என்று நாலு பேரைக் கேட்டிருப்பார்கள். இவருக்கோ அது தன் கைவேலையில் விழுந்த ஓட்டையாகத்தான் பட்டது. தரைக்கும் கீழே மண் என்று ஒன்று இருப்பதே அவர் நினைப்புக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. நான் கேலி செய்வதில் மும்முரமாக இருந்தேன்.

டொக் விழுந்த கல்லைச் சரிசெய்ய டைல்ஸ்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. கல்லை உடைக்க வேண்டியதில்லை. இரண்டு ஓரத்திலும் இணைப்பில் சின்னதாகத் துளை போடுவார்கள். சிமெண்டைத் தண்ணீராகக் கரைத்து, ஒரு துளையில் புனல் வைத்து ஊற்றுவார்கள். அதற்குப் பேர் சிமெண்ட் பால். உள்ளே இருக்கிற காலி நிறைந்ததும் அடுத்த துளை வழியாகப் பால் மேலே எட்டிப் பார்க்கும். துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு சொம்பு போதும் என்றார்.

தங்கையையும் குழந்தையையும் உள்ளறைக்கு அனுப்பிவிட்டுத் துளை போட்டார். ஒரு சொம்பு ஊற்றினார். அடுத்த துளையில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு சொம்பு. வரவில்லை.

"கல்லு நல்லாக் குடிக்குது" என்றேன்.

அவர் வாளியில் கரைத்து எடுத்துவந்தார். வாளி காலியானது. மறுபடி கரைத்தார். நான் புனலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தடங்கலே இல்லாமல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கல்லுக்கு அடியில் இவ்வளவு இடம் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு பதில் இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவர் புனலை எடுக்கச் சொன்னார். தரையோடு தரையாகக் கவிழ்ந்து, துளையில் காதை வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"என்ன கேக்குது?"

"கீழ தண்ணி ஓடுது" என்றார். பிறகு, "நீ எழுந்திரிக்காத. அப்படியே உக்காந்தபடி பின்னால நகர்ந்து போ" என்றார்.

அவரும் எழுந்து நிற்கவில்லை. நாலு காலில், ஒவ்வொரு கையாக எடுத்து வைத்து, சுவர் வரைக்கும் தவழ்ந்து போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. சுவரோரம் போனதும் திரும்பி, "இது என் கல்லு இல்ல" என்றார். அதை அவர் நிம்மதியாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஓனரே இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் தான் கட்டிய வீட்டைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் கூட வந்திருந்தார். அவருடைய குளியலறைத் தண்ணீர் வெளியே போகாமல் எதிர்த்து நிற்கிறதாம், வெள்ளை வெள்ளையாகச் சிமெண்ட் வருகிறதாம்.

"ஏன் தம்பி, வேலை முடிஞ்ச மிச்சத்தையெல்லாம் சாக்கடையிலயா கொட்டுவீங்க?" என்றார் ஓனர்.

"கொட்டலைங்க சார். இந்தத் துளையில ஊத்தினேன். அது அங்க போயிருக்கு. அப்ப கீழ குழாய் உடைஞ்சு மண்ணெல்லாம் அரிச்சுக்கிட்டுப் போகுதுன்னுதானே அர்த்தம்? ரெண்டு கல்லை மட்டும் உடைச்சுப் பாத்துடலாம் சார். என் செலவு."

"துளையா? என் தரையிலயா?" ஓனருக்குக் காதில் அது மட்டும்தான் விழுந்தது. "தம்பி, நீங்க ஒட்டின கல்லு ஒழுங்கா ஒட்டல. அதை மறைக்க ஓட்டை போட்டீங்க. இப்ப பூமியே ஓட்டைன்னு கதை சொல்றீங்க. அக்ரிமெண்ட்ல என்ன எழுதியிருக்கு? தரையை, சுவரை உடைச்சா அக்ரிமெண்ட் வாய்டு. அன்னிக்கே வீட்டைக் காலி பண்ணணும். பச்சை உடம்புக்காரி இருக்காளேன்னு சும்மா விடறேன்."

காலை ஓங்கி ஹால் தரையில் ஒரு மிதி மிதித்தார். "பாத்தீங்களா? கல்லு மாதிரி நிக்குது" என்றார்.

அவர் வீடும் இதன் மேலேதான் நிற்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? என் வீட்டுக்காரர் சொன்னார். ஓனர் கேட்டுக்கொண்டே படியேறிப் போய்விட்டார். தண்ணீர் ஆபீசுக்குப் போன் செய்தோம். "ஆளு வருவாங்க" என்றார்கள். எப்போது என்று கேட்டதற்கும் அதே பதில்தான். என் வீட்டுக்காரர் வேறு வீடு தேட ஆரம்பித்தார். பிறந்த குழந்தை இருக்கிறது என்றதும் பாதி பேர் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் அவரோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள், மாடி அறையை ஒழித்துத் தருகிறேன் என்றார். அதுவரை சமாளிக்க வேண்டும்.

ஹாலில் தட்டித் தட்டி, டொக் கேட்கும் இடத்தைச் சுற்றி அவர் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. வாசல் வழியாகப் போவதை விட்டோம், பின்கதவுதான். சோபாவை வெளியே எடுத்தோம். தங்கையின் கட்டில் உள்ளறைக்குப் போனது. தூளியை என்ன செய்வது என்பதில்தான் சண்டை வந்தது. உள்ளறையில் கொக்கி இல்லை. கொசு ஒரு ராத்திரி முழுக்கக் கத்தித் தொப்புள் வீங்கிவிட்டது.

"அதுவும் அழுது, நானும் அழறேன் மாமா. என்னால முடியல" என்றாள் தங்கை.

அவர் வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியை உள்ளறை வாசல்படியில் சாய்த்து ஏறி, நீளக் கம்பால் கூரையை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். எங்கும் டிக் டிக் என்றது. இறங்கிவந்து சொன்னார்: "கெட்டது தரைதான். கூரை இரும்பு. தூளி தரையைத் தொடவே இல்லையே. சொல்லப்போனா இந்த வீட்டுல இப்ப அதுதான் பத்திரமான இடம்."

கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. யோசித்தால் சரியாகவும் இருந்தது. தூளியில் ஒரு கயிற்றைக் கட்டினோம். உள்ளறை வாசலில் நின்று கயிற்றை இழுத்தால் தூளி நம்மிடம் வரும். குழந்தையை உள்ளே கிடத்தி மெதுவாக விட்டால் ஹால் நடுவுக்குப் போய்விடும். அங்கிருந்தே ஆட்டலாம். கயிற்றின் நுனியைக் கதவுத் தாழ்ப்பாளில் சுற்றி வைப்போம். முதல் தடவை கயிற்றை விட்டபோது என் கை நடுங்கிய நடுக்கத்தில் தூளி தானாகவே ஆடியது. கொசு மட்டும் சுகமாகத் தூங்கியது.

அவர் வேலைக்குப் போகும்போது பழைய கம்பி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். "ஓரத்துல தட்டிப் பாரு. கோடு தாண்டி டொக் வந்தா எனக்குப் போன் போடு." எனக்கு முதலில் இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. பயம் நல்ல காது கொடுக்கும் போல, அப்புறம் எனக்கும் தெரிய ஆரம்பித்தது. டிக் சத்தம் கம்பியோடு நின்றுவிடும். டொக் கம்பியைத் தாண்டிக் கீழே போகும். அது எங்கோ போய்ச் சேருவதைக் காத்திருந்து கேட்பது போல இருக்கும். தினமும் அவர் வந்து பழைய கோட்டுக்கு வெளியே புதுக் கோடு போட்டார். கடையில் யாராவது பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பட்டனை அழுத்த எனக்கு விரல் வரவில்லை. பக்கத்துக் கவுண்டர்காரியைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு வார விடுமுறை. காலை வேலையெல்லாம் முடிந்து, கொசுவைத் தங்கை தூளியில் போட்டுத் தூங்க வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் இந்த நேரம் எலக்ட்ரீஷியன் வீட்டு மாடியில் இருப்போம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. ஒரு மூட்டையை லாரியிலிருந்து தள்ளியது போல ஒரு 'தொம்'. காலடியில் தரை லேசாக உதறியது. கையிலிருந்த தட்டு நழுவியது. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம், கல்லும் மண்ணும் தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தன. அது ஓய்வதாகவே இல்லை.

ஓடினேன். உள்ளறை முழுக்கப் புழுதி. வாசல்படியில் கதவைப் பிடித்து நின்றதால் தப்பித்தேன். அதற்கு மேல் ஹால் இல்லை.

சாக்பீஸ் கோடு, அவர் பதித்த கல், மிதியடி, ஜன்னலோரம் இருந்த நாற்காலி எதுவும் இல்லை. வாசல் கதவு வரைக்கும் கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. அதிலிருந்து சாக்கடை நாற்றம் குளிர்ந்த காற்றோடு மேலே வந்தது. அடியில் தண்ணீர் ஓடுவது கேட்டது, தெரியவில்லை. அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே, கொக்கியிலிருந்து, தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கதவுத் தாழ்ப்பாளைத் தடவினேன். கயிறு அங்கே இல்லை. அன்றைக்கு அதைச் சுற்றி வைக்காமல் தரையில் விட்டிருக்கிறோம். தரையோடு அதுவும் போய், இப்போது தூளியிலிருந்து நேராகப் பள்ளத்துக்குள் தொங்கியது. மேலே ஓனர் வீட்டில் யாரோ அலறினார்கள். வலதுபக்கச் சுவரில் கீழிருந்து மேலே ஒரு விரிசல் என் கண் முன்னாலேயே ஏறியது.

"அக்கா! என்னக்கா சத்தம்?" தங்கை ஈரத் தலையோடு வந்தாள். பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்தது அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. நேராகப் பாயப் போனாள். நான் அவளை இடுப்போடு கட்டிப் பிடித்தேன்.

"நில்லுடி! நில்லு! நீ விழுந்தா அது யாருகிட்ட வரும்? அசையாத!"

தரை துடைக்கும் கம்பை எடுத்து நீட்டினேன். வாசல்படியிலிருந்து எட்டவில்லை. இன்னும் ஒரு கை நீளம் வேண்டும். படிக்கு இரண்டு பக்கமும் சுவரை ஒட்டிக் கொஞ்சம் தரை மிச்சம் இருந்தது. இடதுபக்கம் அகலமாக, அழகாக, கல் ஒன்றுகூட அசங்காமல் இருந்தது. வலதுபக்கம் குறுகல், ஓரத்தில் கல் உடைந்து பல்லிளித்தது, அதற்குப் பக்கத்துச் சுவரில்தான் விரிசல். யாராக இருந்தாலும் இடதுபக்கம்தான் கால் வைப்பார்கள். நானும் வைக்கப் போனேன்.

அப்புறம் உள்ளறை ஜன்னல் திட்டில் இருந்த பழைய கம்பியை எடுத்தேன். இடதுபக்கத்தில் தட்டினேன்.

டொக்.

அந்தச் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. வலதுபக்கம் தட்டினேன். என் நெஞ்சு அடிக்கிற அடியில் காதில் ஒன்றும் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினேன். டிக். இன்னும் கொஞ்சம் தள்ளி. டிக். உடைந்த ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் டொக். அதுவரைக்கும்தான் எனக்கு இடம்.

"கால் மேல உக்காரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்து ஊர்ந்தேன். ஆபரேஷன் செய்த வயிற்றோடு அவள் என் கெண்டைக்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பாதி உடம்பு பள்ளத்தின் விளிம்பில். கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அவர் ஊற்றிய சிமெண்ட் பால் ஓரிடத்தில் மண்ணின் மேல் வழிந்து, வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதற்கும் ரொம்பக் கீழே இருட்டு.

கம்பை நீட்டிக் கயிற்றைத் துழாவினேன். நழுவியது. மறுபடி துழாவினேன். இடதுபக்கத்து அழகான கல்லெல்லாம் அப்போதுதான், யாரும் தொடாமலேயே, சரசரவென்று உள்ளே இறங்கிப் போயின. தங்கை என் காலைக் கடித்தாளா கத்தினாளா என்று தெரியாது. கயிறு கம்பில் சுற்றிக்கொண்டது. இழுத்தேன். தூளி வந்தது. துணி கைக்கு வந்ததும் நான் விட்ட மூச்சில் புழுதி பறந்தது.

ஒரு கையால் உள்ளே துழாவிக் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்தேன். "இழுடி!" என்றேன். அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த பலம். இரண்டு பேருமாக உள்ளறையில் வந்து விழுந்தோம். தூளி திரும்பப் போய்ப் பள்ளத்தின் மேல் வெறுமனே ஆடியது.

கொசு மண்பொம்மையாக இருந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் சாம்பல் நிறம். அழவில்லை. ஒரு நாள் அழாமல் இருக்காதா என்று எத்தனை தடவை அலுத்துக்கொண்டிருக்கிறேன்! விரலால் வாயைத் துடைத்தேன். தங்கை "அக்கா, அக்கா, அக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தையைக் கவிழ்த்துக் கையில் போட்டு முதுகில் தட்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினேன். என் கை அந்தச் சின்ன முதுகில் எழுப்பிய சத்தத்தை நான் கேட்டுக்கொண்டே தட்டினேன். இன்னொரு தடவை.

இருமியது. இருமி, ஒரு வாய் மண்ணும் பாலுமாகக் கக்கி, வீல் என்று கத்தியது. அதைவிட நல்ல சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

பின்கதவு வழியாக வெளியேறி, வீட்டைச் சுற்றி வாசல் பக்கத்துக்கு வந்தோம். எங்கள் சந்து சிமெண்ட் போட்ட சந்து. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஓனர் குடும்பம் வெளிப்படி வழியாக இறங்கி வந்து, எங்கள் வாசலுக்கு எதிரே நின்றது. தையல்காரம்மா ஒரு துண்டைக் கொண்டுவந்து தங்கையின் ஈரத் தலையில் போட்டார். தள்ளி நின்ற இரண்டு மூன்று பேர் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள்.

யாரோ போன் போட்டுச் சொல்லி, என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். சைட்டிலிருந்து அப்படியே, முழங்கால் வரை கலவையோடு. தங்கையைப் பார்த்தார், கொசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கொசுவை. அப்படியே சந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "பத்திரமான இடம்னு நான்தானே சொன்னேன்" என்றார்.

"சரியாத்தான் சொன்னீங்க. அது மட்டும்தான் விழல" என்றேன். அவரைத் தேற்றச் சொன்னது. ஆனால் உண்மையும் அதுதான்.

ஓனர் பக்கத்தில் வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். "தம்பி, நான் நினைக்கவே இல்ல தம்பி" என்றார். என் வீட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தவரின் விரல் சும்மா இருக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம், அதுவாகவே தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

விரல் நின்றது.

அவர் அழுகையும் நின்றது. இடுப்பிலிருந்த கம்பியை உருவி, சந்தின் சிமெண்டில், எங்கள் எல்லார் காலுக்கும் நடுவே, ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் கேட்டார்:

"உனக்கு என்ன கேக்குது?"

எனக்குக் கேட்டது. அது கம்பியோடு நிற்கவில்லை.

"எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். "இந்தச் சந்தை விட்டே போங்க! கீழ ஒண்ணும் இல்ல! கீழ ஒண்ணும் இல்ல!"

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். ஓனர் பரிவோடு என் தோளைத் தொட்டார்.

"இது சந்தும்மா. போன வருஷம்தான் சிமெண்ட் போட்டாங்க. ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, எனக்குத் தைரியம் கொடுப்பதற்காகக் காலை உயர்த்தினார்.

மிதிப்பதற்குள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன்.